தீவுப் பாறைகளில் ஏறப் போகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுக்கு இரண்டே முறை, ஒவ்வொரு முறையும் ஆறே பேர். சென்னையிலிருந்து கிளம்பி, தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் உள்ள சுண்ணாம்புக்கல் குன்றுகளில் ஒன்பது நாள் பாறையேற்றம். இயற்கைக்கு முடிந்தவரை பாதிப்புக் குறைவாக நடத்த முயலும் எங்கள் பயணம் இதுதான். அறிமுகக் கூட்டத்திலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாறையைப் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும். அவற்றைத் தாண்டிப் போகாமல் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த இடங்களுக்குப் போகிறோம்? அவை தீவுகள்தானா?

முதல் ஐந்து நாள் ரெய்லே, தோன்சாய் கடற்கரைகள். அடுத்த நான்கு நாள் பாங்ஙா விரிகுடாவில் உள்ள கோ யாவ் நோய். தாய்லாந்து மொழியில் 'கோ' என்றால் தீவு. ரெய்லே உண்மையில் தீவன்று, நிலத்தோடு ஒட்டிய ஒரு முனை. ஆனால் பின்புறம் முழுவதும் செங்குத்துப் பாறை மறித்து நிற்பதால் அங்கே சாலையே கிடையாது. ஆவ் நாங் ஊரிலிருந்து நீள்வால் படகில் கால் மணி நேரம் போக வேண்டும். படகிலிருந்து முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கித்தான் கரையேறுவோம். ஆகவே சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், முதுகுப்பை போதும்.

சென்னையிலும் பாறை இருக்கிறதே, அங்கே அப்படி என்ன வேறுபாடு?

பறங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோக்கைட் என்ற கல்லால் ஆனவை. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இதே வகைக் கல். அவர் பெயரைத்தான் கல்லுக்கும் வைத்தார்கள். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான, சுத்தியல் பட்டால் பொறி பறக்கிற கல் அது. மழைக்கு எளிதில் அசையாது.

கிராபியின் குன்றுகள் கடலடியில் பிறந்தவை. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த கடல் உயிரினங்களின் ஓடுகள் படிந்து படிந்து இறுகிய சுண்ணாம்பு. மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. கரைந்த சுண்ணாம்பு கீழே வந்து மறுபடி படிகிறது. ஆலமரத்து விழுதுகளைப் போலக் கூரையிலிருந்து கல் தொங்கும். அந்த விழுதைக் கட்டிப் பிடித்து, இரண்டு முழங்கால்களாலும் இறுக்கி, பனை ஏறுகிறவரைப் போல ஏறலாம். உலகம் முழுவதிலிருந்தும் ஏறுகிறவர்கள் அங்கே வருவது இதற்காகத்தான். நாங்கள் இவ்வளவு கட்டுப்பாடு வைப்பதும் இதே விழுதுகளுக்காகத்தான்.

ஒரு சிறு கல் உடைந்தால் என்ன? அவ்வளவு பெரிய மலை அல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கீழிருந்து பார்த்தால் மலை பெரியதுதான்.

ஒரு பயணத்தில் எங்கள் குழுவில் ஒருவர், ஏற வேண்டிய தடத்தில் அல்ல, கீழே நின்று செருப்பை மாற்றும்போது, கைக்கு ஆதரவாக ஒரு விழுதைப் பிடித்தார். சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். 'டிக்' என்ற சத்தத்தோடு கையோடு வந்துவிட்டது. முறிந்த இடம் அப்போதுதான் உடைத்த தேங்காயைப் போல வெள்ளையாக இருந்தது. நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. சொட்டுநீர் வந்த வழி அது. துளையைச் சுற்றி வளையம் வளையமாகச் சுண்ணாம்பு. இவ்வகை விழுதுகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வளரும். அவர் கையில் இருந்தது ஒரு சாண் நீளம். நம் கணக்கில் சொன்னால், தஞ்சைப் பெரிய கோயில் கட்டுவதற்கும் முன்பே சொட்டத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

அதனால்தான் முதல் நாள் யாரும் ஏறுவதில்லை. எந்த விழுதைப் பிடிக்கலாம், எதைத் தொடவே கூடாது, தட்டிப் பார்த்தால் எந்த ஒலி வந்தால் உள்ளே பொந்து என்று உள்ளூர் வழிகாட்டியோடு சுவர் சுவராக நடந்து கற்றுக்கொள்கிறோம்.

குன்றுகளில் கல் மட்டும் இல்லை. ஓட்டுக்குச் சுண்ணாம்பு தேவைப்படுவதால் நத்தைகள் இங்கே பெருகுகின்றன. தென்கிழக்கு ஆசியாவின் சுண்ணாம்புக் குன்றுகளில், ஒரே ஒரு குன்றைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நத்தை இனங்கள் உண்டு. பாறை இடுக்கில் வேர்விட்ட செடியைப் பிடுங்கித் 'தடத்தைச் சுத்தம் செய்கிறேன்' என்று யாராவது கிளம்பினால், அவர் ஏற்றம் அன்றோடு முடிந்தது.

நீங்களே பாறையில் போல்ட் அடித்துப் புதுத் தடம் போடுவீர்களா?

இல்லை. போல்ட் என்பது கயிற்றை மாட்டுவதற்காகப் பாறையில் துளையிட்டுப் பதிக்கும் உலோகக் கம்பி. நாங்கள் ஒரு துளைகூடப் போடுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் தடங்களில், அதிலும் டைட்டானியம் போல்ட்டுகளுக்கு மாற்றப்பட்ட தடங்களில் மட்டும் ஏறுகிறோம்.

காரணத்தை விளக்கிவிடுகிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. நம் வீடுகளில் எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்று வளர்ந்தவர்கள் நாம். பெசன்ட் நகரில் கடலோர வீட்டு ஜன்னல் கம்பி அரித்துப்போனாலும் எவர்சில்வர் டம்ளர் அப்படியே இருக்கும். இந்த நம்பிக்கையில்தான் ரெய்லேயில் தொடக்க காலத்தில் எவர்சில்வர் போல்ட்டுகளை அடித்தார்கள். வெப்பமண்டலக் கடலோரச் சுண்ணாம்பில் அது பலிக்கவில்லை. கடலுப்பில் உள்ள குளோரைடு, பாறை கரைந்து வரும் தாதுக்களோடு சேர்ந்து போல்ட்டின் மேல் செறிகிறது. ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் உலோகத்துக்குள் மயிரிழை விரிசல்கள் ஓடத் தொடங்குகின்றன. துருவாவது கண்ணுக்குத் தெரியும், இது வெளியே தெரியாது. சில ஆண்டுகளிலேயே போல்ட் முறியலாம்.

தோன்சாயில் வழிகாட்டி ஒருவர் தம் பையிலிருந்து அப்படி முறிந்த ஒரு போல்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தலைப்பகுதி கடையிலிருந்து வந்த புதுப் பாத்திரம்போலப் பளபளத்தது. திருப்பிப் பார்த்தேன். முறிந்த முகம் கரி படிந்ததுபோலக் கருத்திருந்தது. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு பிறை, வெள்ளையாக மின்னியது. அந்தப் பிறை அளவு உலோகம்தான் கடைசிவரை தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதும் வந்துவிட்டது என்றார்.

டைட்டானியம் இந்த விரிசலுக்கு இடம் கொடுப்பதில்லை. துளையில் எப்பாக்சிப் பசை இட்டு டைட்டானியம் கம்பியைப் பதிக்கிறார்கள். சரியாகப் பதித்தால் பல பத்தாண்டு நிற்கும். அதே பாறையை மறுபடி மறுபடி துளைக்க வேண்டியதில்லை. பாறைக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. தாய்லாந்தில் 'தாய்டேனியம்' என்ற திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டும் நன்கொடையைக் கொண்டும் இந்த வேலையைச் செய்துவருகிறது. டைட்டானியம் விலை அதிகம். ஆகையால் உங்கள் கட்டணத்தில் ஒரு பகுதி போல்ட் மாற்றும் பணிக்குப் போகிறது. அந்தப் பகுதியை மட்டும் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்காதீர்கள். நீங்கள் தொங்கப்போவது அதில்தான்.

அந்தமான் பக்கத்தில் இருக்கிறதே, அங்கே ஏன் கூட்டிப் போவதில்லை?

மிக நியாயமான கேள்வி. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம், விசா வேண்டாம், பாரதாங் தீவில் சுண்ணாம்புக் குகைகளும் இருக்கின்றன. இருந்தும் போகாததற்குக் காரணங்கள் உண்டு. பாரதாங்குக்குச் சாலை வழி ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வழியாகப் போகிறது. அவர்கள் நிலத்தை ஊடுருவிப் பொழுதுபோக்குக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது உழவாரன் குருவி. தன் எச்சிலாலேயே கூடு கட்டும் உழவாரன் இனம் அந்தமான் குகைகளில் வாழ்கிறது. அந்தக் கூட்டுக்குச் சீன உணவுச் சந்தையில் பெரும் விலை. அதனால் கூடுகளைத் திருடித் திருடி இனமே அருகிவந்தது. கோவை சலீம் அலி பறவையியல் மையத்தின் அறிவியலாளர் ரவி சங்கரன், முன்பு கூடு எடுத்தவர்களையே காவலர்களாக்கி, குஞ்சு பறந்துபோன பிறகே கூட்டைத் தொடுவது என்ற முறையைக் கொண்டுவரப் பாடுபட்டார். நம் மண்ணிலிருந்து போன ஒருவர் அவ்வளவு உழைத்துக் காத்த சுவர்களில் கயிற்றைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

தாய்லாந்திலும் இதே வகைக் குருவி உண்டு. கூடு எடுக்கும் உரிமம் பெற்றவர்கள் சில தீவுகளில் காவல் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் படகைக்கூடக் கொண்டுபோக மாட்டோம்.

இதுவரை பாறையே ஏறியதில்லை. வரலாமா?

வரலாம், ஆனால் நேராக விமான நிலையத்துக்கு வர முடியாது. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து நகரில் உள்ள செயற்கைச் சுவரில் வாரம் இரண்டு மாலை பயிற்சி. முடிச்சு, பிலே, அதாவது கீழே நிற்பவர் கயிற்றைக் கையாண்டு ஏறுபவரைக் காக்கும் முறை, இவை இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். பிறகு கர்நாடகத்தின் பாதாமியில் சிவப்பு மணற்பாறையில் மூன்று நாள். பாதாமியில் நம்பிக்கையோடு ஏறுகிறவர் ரெய்லேயில் திணற மாட்டார். ரெய்லேயில் பயன்படுத்தும் பிரெஞ்சுத் தரவரிசையில் 5 என்ற எளிய தடங்களும் நிறைய உண்டு.

உடல் எடை, வயது பற்றிப் பலர் தயங்கிக் கேட்கிறார்கள். ஐம்பத்தாறு வயதில் முதன்முறையாக ஏறியவர் எங்களோடு வந்திருக்கிறார். புஜபலத்தைவிடக் கால் வைக்கும் இடத்தைப் பார்க்கிற கண்தான் முக்கியம்.

பயிற்சிக்கு மாமல்லபுரம் போகலாமே? வெண்ணெய் உருண்டைப் பாறையைச் சுற்றி எவ்வளவு பாறைகள்!

கூடவே கூடாது. அவை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். பல்லவர் உளி பட்ட கல்லில் நம் ஷூ படக் கூடாது.

விமானத்தில் பறந்துபோய்விட்டு 'பாதிப்புக் குறைவு' என்று சொல்வது சரியா?

முழுக்கச் சரியில்லை. இந்தப் பயணத்தில் நாம் ஏற்படுத்தும் பெரிய பாதிப்பு அந்த விமானம்தான். கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடியைப் பாறையிலிருந்து துடைத்தெடுப்பதால் அது ஈடாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களால் முடிந்தது இவ்வளவுதான்: வார இறுதிப் பயணம் நடத்துவதில்லை. மூன்று நாள் மட்டும் விடுப்பு இருக்கிறது என்றால் பாதாமிக்கோ ஹம்பிக்கோ ரயிலில் போங்கள், உதவுகிறோம். பறந்தால் ஒன்பது நாளாவது தங்க வேண்டும். ஒருமுறை வந்தவர் மூன்று ஆண்டுக்குள் மறுபடி வர இடம் தருவதில்லை. இதனால் எங்களுக்கு வருமானம் குறைகிறது என்பது உண்மை. தெரிந்தே எடுத்த முடிவு.

தேதியை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பருவத்தையும் ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதையும், பார்த்து. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை அந்தக் கரையை அடித்து நனைக்கும். இங்கே வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரத்தில் அங்கே நல்ல வறண்ட காலம். ஆகவே ஜனவரி இறுதியில் ஒன்று, மார்ச் தொடக்கத்தில் ஒன்று.

பிறகு காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி பார்ப்போம். மெரினாவில் நின்று பழகியவர்களுக்கு ஓதம் என்பது பெரிதாகத் தெரியாது. இங்கே ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கிராபியில் அமாவாசையை ஒட்டி இரண்டு மீட்டரைத் தாண்டும். காலையில் மணலில் நடந்து தோன்சாய் போய்விட்டு, மாலையில் வந்து பார்த்தால் வழி இருந்த இடத்தில் கடல் நிற்கும். அப்போது காட்டு வழியாகச் சுற்ற வேண்டும், அல்லது படகு. ஓத அட்டவணை அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் தருவோம்.

கயிறு இல்லாமல் ஏறிக் கடலில் குதிக்கிறார்களே, அதுவும் உண்டா?

ஒரு நாள் உண்டு, விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் அல்ல, கடலில் இருநூறு மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். ஓதம் ஏறிய நேரத்தில், படகோட்டி ஆழம் பார்த்துச் சொன்ன இடத்தில் மட்டும். எட்டு மீட்டருக்கு மேல் ஏற விடுவதில்லை. அங்கிருந்து விழுந்தால் தண்ணீரும் அறையும். காலை நேராக வைத்து, கையை உடலோடு ஒட்டி விழப் பழகிய பிறகே அடுத்த முயற்சி. பவளம் இருக்கும் இடத்தில் நங்கூரம் போட மாட்டோம்.

சாக் பொடி போடலாமா?

கை வியர்வைக்கு மக்னீசியம் கார்பனேட் பொடி தேவைதான். சென்னைக்காரர்களுக்கு வியர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உருண்டையாகத் துணியில் கட்டிய பொடி மட்டும் அனுமதி. பிடிப்பைக் காட்டப் பாறையில் கோடு போட்டால், இறங்கும்போதே அதைத் துடைத்துவிட்டு வர வேண்டும். மென்மையான தூரிகை நாங்கள் தருவோம். கம்பித் தூரிகை கூடாது, சுண்ணாம்பு தேய்ந்து வழுக்கத் தொடங்கும்.

என் மகள் தனியாக வருகிறாள். பாதுகாப்புக்கு என்ன உத்தரவாதம்?

2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். அதன் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் இல்லை. கேட்கத்தான் வேண்டும்.

'ஒன்றும் ஆகாது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் சொல்லக்கூடியது நாங்கள் செய்வதை மட்டும்தான். ஆறு பேருக்கு இரண்டு பேர் எங்களிடமிருந்து, இரண்டு பேர் உள்ளூர் வழிகாட்டிகள். அவர்களில் ஒருவராவது பெண். ஏறும் முன் இருவர் ஒருவரின் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும், பதினைந்து ஆண்டு அனுபவம் இருந்தாலும் சரி. தலைக்கவசம் ஏறுபவருக்கு மட்டுமல்ல, கீழே நிற்பவருக்கும். கல் விழுவது கீழேதான். கீழே நிற்பவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. உள்ளூர் வழிகாட்டி 'இன்று வேண்டாம்' என்றால் விவாதம் கிடையாது.

2004 டிசம்பர் 26-இல் இங்கே பட்டினப்பாக்கத்தில் ஏறிய அதே அலை அந்தக் கரையையும் அழித்தது. முதல் மாலையே, சுனாமி எச்சரிக்கை வந்தால் ஓட வேண்டிய மேட்டு வழியை எல்லோரும் நடந்து பார்ப்போம்.

மகளின் கைப்பேசி எண்ணோடு எங்கள் இருவரின் எண்ணும் உங்களிடம் இருக்கும். சுவரில் இருக்கும்போது எடுக்க மாட்டோம், மாலையில் நாங்களே அழைப்போம்.

சாப்பாடு? நான் சைவம்.

தாய்லாந்துச் சமையலில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாஸ் சேர்ப்பது வழக்கம். 'ஜே' என்று சொன்னால் மீனும் முட்டையும் இல்லாமல் கொடுப்பார்கள். அதில் பூண்டு, வெங்காயமும் இருக்காது. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துவரலாம். சோறு எங்கும் கிடைக்கும், தயிர் அவ்வளவு எளிதில் கிடைக்காது. கோ யாவ் நோய் தீவில் மீனவர் வீடுகளில் தங்குகிறோம். பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பங்கள். தெருவில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், மது கூடாது.

குரங்குகளுக்கு ஏதாவது கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியவர்களால்தான் அவை இப்போது பையைப் பறிக்கின்றன. கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும். தடுப்பூசி பற்றி முன்பே மருத்துவரிடம் பேசிவிட்டு வாருங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருமந்திகளும் உண்டு. அவை உங்களை அண்டாது; மரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் ஏறுவதை நிறுத்திவிட்டு நீங்களும் பாருங்கள்.

பாறையடியில் கழிப்பறை உண்டா?

பெரும்பாலும் இல்லை. சுண்ணாம்புக் குன்று சல்லடை மாதிரி. மேலே விட்டது மண்ணில் வடிகட்டப்படாமல் ஊற்றுக்கும் கடலுக்கும் நேராகப் போய்ச் சேரும். புதைப்பதும் உதவாது. மூடி போட்ட உறைகள் தருகிறோம், அவற்றில் எடுத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாதவிடாய் அணையாடைகளுக்கும் இதே முறை. இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் எல்லோரும் இரண்டாம் நாளே பழகிவிட்டார்கள்.

எந்த சன்ஸ்கிரீனும் பூசலாமா?

கூடாது. பவளத்தைக் கெடுக்கும் நான்கு வேதிப்பொருள்கள் அடங்கிய சன்ஸ்கிரீனைத் தாய்லாந்து அரசு 2021-இல் தேசியப் பூங்காக்களில் தடை செய்தது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற பெயர்கள் குழாயின் பின்புறம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டையைவிட நல்லது எதுவும் இல்லை.

பிரா நாங் குகையைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், செருப்பைக் கழற்றிவிட்டு. கடல் இளவரசி ஒருத்தி அங்கே குடியிருப்பதாக மீனவர்கள் நம்புகிறார்கள். நல்ல மீன்பாடும் பத்திரமான திரும்புதலும் வேண்டி மரத்தில் செதுக்கிய லிங்க வடிவங்களைக் காணிக்கையாக வைக்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதையும் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பதையும் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். நம் ஊர்க் கன்னிமார் கோயிலில் எப்படி நிற்பீர்களோ அப்படி நில்லுங்கள்.

அருகில் உள்ள மாயா விரிகுடாவுக்கும் போகலாமா?

எங்கள் திட்டத்தில் இல்லை. ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்து பவளம் சிதைந்ததால் 2018-இல் அதை மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். மூடியிருந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. அவற்றை அப்படியே விட்டுவிடுவோம்.

விசா, காப்பீடு?

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடும் முன் தூதரக அறிவிப்பைப் பாருங்கள். 2025 மே முதல் வருகைப் படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். காப்பீட்டில் 'பாறையேற்றம்' என்று எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் அது விலக்கப்பட்டிருக்கும்.

சொந்தக் கருவிகள் வாங்க வேண்டுமா?

ஷூ மட்டும். ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் வார்), தலைக்கவசம், காரபினர் (கயிற்றை மாட்டும் கொக்கி), கயிறு நாங்கள் தருவோம். ஷூவை மாலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். கடல் மணல் பட்ட கயிற்றை மிதிக்கக் கூடாது, மணல் உள்ளே புகுந்து இழைகளை அறுக்கும். தினமும் மாலையில் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவது குழுவின் வேலை. முறை வைத்துச் செய்வோம்.

உயரம் என்றால் பயம். சமாளிக்க முடியுமா?

எனக்கும் இன்னும் பயம் உண்டு. அறிமுகக் கூட்டத்துக்கு வாருங்கள். அந்த முறிந்த போல்ட்டை வழிகாட்டி எனக்கே கொடுத்துவிட்டார். மேசை மேல் இருக்கும், கையில் எடுத்துப் பாருங்கள். பிறகு சுவரில் இரண்டு மீட்டர் ஏறி, கையை விட்டுக் கயிற்றில் உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகு வருவதா வேண்டாமா என்று சொன்னால் போதும்.